எங்கள் ஊராட்சிக்கு வந்த ஜெர்மன் பிரசிடெண்ட்

நான் ஊராட்சி மன்றத் தலைவரானது குலுக்கலில். பொங்கலுக்குச் சீட்டுக் குலுக்கி அண்டா கொடுப்பார்களே, அதே முறைதான். எனக்கு அண்டாவுக்குப் பதிலாகப் பதவி விழுந்தது.

அந்தத் தேர்தலில் எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். தலைவராகும் கனவோடு வேட்டி சட்டையைத் தேய்த்து வைத்திருந்த ஆண்களெல்லாம் சில நாள் இழவு வீட்டில் உட்கார்ந்ததைப்போல டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போய், உள்ளே பெண் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்கள். என் கணவர் வந்து பார்த்தபோது நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏத்தா, நாளைக்கு நீ மனுத்தாக்கல் பண்ற" என்றார்.

"எதுக்கு?"

"தலைவருக்கு."

"அப்ப நான் தலைவரா?"

"தலைவரு நாந்தான். பேரு மட்டும் ஒம் பேரு."

சொல்லும்போது முகத்தில் கூச்சம் துளிகூட இல்லை. மாட்டுக்கு இருந்த யோசனைகூட அவருக்கு இல்லை.

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. கண்மாய்க்கு வடக்கே ஒரு குடியிருப்பு, தெற்கே ஒரு குடியிருப்பு. இரண்டும் சேர்ந்து ஓர் ஊராட்சி. நாங்கள் வடக்கூர். என் கணவரின் அண்ணன் கல்யாணம் முடித்த கையோடு மாமனார் ஊரான தெக்கூருக்கே போய்விட்டவர். அன்றைக்கே அவரும் தன் மனைவியிடம், அதாவது என் ஓரகத்தியிடம், இதே வசனத்தைப் பேசியிருக்கிறார். சாயங்காலம் அக்கா எனக்குப் போன் போட்டாள். ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏண்டி, ஒன்னைய எதுத்து நிக்கச் சொல்றாரு இந்த மனுசன். என்ன செய்ய?"

"நில்லுக்கா. நானும் ஒன்னைய எதுத்துத்தான் நிக்கிறேன்."

"சரி, அந்தக் கத்திரிக்கா நாத்து இருக்குன்னியே, நாலு குடுத்து விடு."

இப்படித்தான் எங்கள் தேர்தல் பகை தொடங்கியது. அண்ணனும் தம்பியும் மைக் கட்டி ஒருவர் மானத்தை ஒருவர் வாங்கினார்கள். வாக்கு எண்ணி முடித்தபோது எங்கள் இருவருக்கும் சரிசமம். மறுபடி எண்ணினார்கள், அப்போதும் சமம். கடைசியில் இரண்டு பெயரையும் சீட்டில் எழுதிப் போட்டு அதிகாரி ஒன்றை எடுத்தார். என் பெயர் வந்தது. உடனே எல்லோரும் சேர்ந்து என் கணவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னை யாரும் தூக்கவில்லை. நான் மினி பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்தது.

"தப்பிச்சேன்டி" என்றாள் அக்கா.

அன்றோடு அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சு நின்றது. எங்கே எதிர்ப்பட்டாலும் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் செருப்பைப் பார்ப்பார்.

ஊராட்சி அலுவலகத்தில் தலைவருக்கென்று ஒரு சுழல் நாற்காலி உண்டு. அதன் முதுகில் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போட்டு என் கணவர் உட்கார்ந்தார். பக்கத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஊராட்சிச் செயலர் தாளைத் திருப்பித் திருப்பி வைத்து, "இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு" என்பார். நான் கையெழுத்துப் போடுவேன். பிளக்ஸ் பேனர்களில் அவர் ஆள் உயரத்துக்கு நின்று கும்பிடுவார். நான் மூலையில், பாஸ்போர்ட் போட்டோவில் முழித்துக்கொண்டிருப்பேன்.

கொஞ்ச காலம் போனதும் எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்கச் சலிப்பாக இருந்தது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு தாளில் இருப்பதை வாசிக்க ஆரம்பித்தேன். செயலர் முதலில் பதறினார், பிறகு பழகிக்கொண்டார். எந்தத் தெருவில் பல்பு போடுகிறார்கள், எந்த போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டது, பிளீச்சிங் பவுடர் ஏன் எப்போதும் மழைக்காலம் முடிந்தபிறகே வருகிறது என்பதெல்லாம் தெரியவந்தது. தண்ணீர் வராத நாளில் பெண்கள் அலுவலகத்துக்குப் போகமாட்டார்கள். நேரே என் அடுப்படிக்கு வருவார்கள். ஆக, எங்கள் ஊராட்சியில் இரண்டு ஆட்சி நடந்தது. காதுகுத்து, கல்யாணம், கடைத்திறப்பு எல்லாம் அவர் இலாகா. குழாய், விளக்கு, சாக்கடை என் இலாகா. அவருக்குச் சால்வை விழும், எனக்குத் திட்டு விழும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், எங்கள் ஊராட்சியைப் பக்கத்துப் பேரூராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. என் கணவர் அதற்கு முந்தியே தன் சேக்காளிகளோடு சேர்ந்து ரோட்டோரக் காட்டில் கல் ஊன்றி பிளாட் போட்டிருந்தார். இணைப்பு வந்தால் நோட்டீசில் 'பேரூராட்சி எல்லைக்குள்' என்று அடிக்கலாம். அவருக்கு ஒரே குஷி. பெண்களுக்கு அப்படியில்லை. நூறு நாள் வேலை நின்றுபோகும், வீட்டு வரியும் தண்ணீர் வரியும் ஏறும் என்று பயம். எனக்கு எது சரியென்று அப்போது தெரியவில்லை. இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தலைவர் என்றால் அதுதான் வேலை என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் கல்லுப்பட்டி காந்தி ஆசிரமத்திலிருந்து போன் வந்தது. ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்து தங்கியிருக்கிறார், அங்கே ஒரு சின்ன ஊரில் பிரசிடெண்டாக இருந்தவர், இங்கே ஓர் ஊராட்சி எப்படி நடக்கிறதென்று பார்க்க ஆசைப்படுகிறார் என்றார்கள்.

என் கணவர் காதில் 'ஜெர்மனி' மட்டும்தான் விழுந்தது. மறுநாள் காலைக்குள் ஊரில் ஜெர்மன் கம்பெனி வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் அது கார் கம்பெனி ஆகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் யார் யார் வீட்டுப் பையனுக்கு வேலை என்பதும் முடிவாகிவிட்டது. வரவேற்பு பிளக்ஸில் வெளிநாட்டு விமானம் ஒன்று எங்கள் கண்மாயில் இறங்கிக்கொண்டிருந்தது.

வந்தவர் நெட்டையான கிழவர். முழங்கால் தெரிகிற டவுசர், வெயிலில் தக்காளியாகச் சிவந்த கழுத்து. கூடவே மொழிபெயர்க்க ஒரு பெண், கோரிப்பாளையத்துக்காரி. ஜெர்மன் படித்துவிட்டு மதுரையிலேயே அதைச் சொல்லிக்கொடுப்பவள். கொட்டுமேளத்தையும் மாலையையும் பார்த்ததும் அவர் பயந்துபோய் அவளிடம் ஏதோ கேட்டார்.

"கல்யாணம் எதுவும் நடக்குதா, எடஞ்சலா வந்துட்டமான்னு கேக்குறாருக்கா" என்றாள் என்னிடம்.

அலுவலகத்துக்குள் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்கே தலைவர் யார்?"

என் கணவர் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். ஜெர்மன்காரர் சுவரைப் பார்த்தார். அங்கே பலகையில் என் பெயரும், பக்கத்திலேயே என் போட்டோவும் இருந்தன. போட்டோவைப் பார்த்தார், பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த என்னைப் பார்த்தார், மறுபடி என் கணவரைப் பார்த்தார்.

"பேரு அவங்களுது. வேல பூராம் நாம பாக்குறது" என்று விளக்கினார் என் கணவர்.

அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். கிழவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அவர் ஊர்ல தலைகீழாம். பிரசிடெண்ட் இவர்தானாம், ஆனா எல்லா வேலையும் அவர் சம்சாரம்தான் பாத்தாங்களாம். பேசுற பேச்சக்கூட அவங்கதான் எழுதிக் குடுப்பாங்களாம். அதனால, உங்க சம்சாரத்துக்கு நீங்க பேச்சு எழுதிக் குடுப்பீங்களான்னு கேக்குறாரு."

என் கணவர் வாசல் பக்கம் திரும்பினார். டீ எங்கே என்று யாரையோ அதட்டினார்.

ஜெர்மன்காரர் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். எங்கள் வடக்கூரை விடச் சின்ன ஊராம். பன்றி வளர்ப்பதும் உருளைக்கிழங்கு போடுவதும்தான் அவர் தொழில். பிரசிடெண்ட் வேலையைச் சாயங்காலங்களில் பார்த்திருக்கிறார். அவர் இளவட்டமாக இருந்தபோது, அக்கம்பக்கத்துக் குட்டி ஊர்கள் மூன்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஊராட்சி ஆக்கிவிட்டார்களாம். இன்றைக்கு வரைக்கும் மூன்று ஊரும் எந்தப் பெயரை முதலில் எழுதுவது என்று அடித்துக்கொள்கின்றன. கல்லறைத் தோட்டம் தனி, தீயணைக்கிற வண்டி தனி. ஓர் ஊரில் தீப்பிடித்தால் மற்ற ஊர் வண்டி வருவதற்குள் தாங்களே அணைத்துவிட வேண்டுமென்று ரோசம்.

"மன்றக் கூட்டம் எங்க நடக்கும்?" என்று செயலர் கேட்டார்.

அந்தப் பெண் பதிலைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "பீர்க்கடையில. பின்னாடி ஒரு ரூம் இருக்காம்."

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "நம்மூர்லயும் அங்கனதானப்பா நடக்குது. கையெழுத்து மட்டுந்தான் இங்க."

இதை மொழிபெயர்க்காதே என்று செயலர் கண்ணைக் காட்டினார். அவள் மொழிபெயர்த்துவிட்டாள். அதன்பிறகு ஊருக்கு அந்தக் கிழவரை ரொம்பப் பிடித்துப்போனது.

அப்புறம் அவர் எங்கள் ஊரின் சரித்திரத்தைக் கேட்டார். யார் முதலில் வந்து குடியேறினார்கள், எப்போது, எங்கிருந்து? அது எங்களில் யாருக்கும் தெரியாது. என் கணவர் தொண்டையைக் கனைத்தார். முன்னொரு காலத்தில் ராஜா ஒருவர் இந்த வழியாகக் குதிரையில் வந்ததாகவும், குதிரை தண்ணீர் குடித்த இடத்தில் கண்மாய் வெட்டியதாகவும், அப்போது குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எங்கள் வடக்கூர் மூதாதை என்றும் அடித்துவிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் குதிரையை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"எந்தக் குருத? தெக்கூருதான்டா மொதல்ல வந்தது. எங்கிட்டு இருந்துடா வந்துச்சு குருத?"

வாசலில் நின்றிருந்த அண்ணன்காரர்தான் கத்தினார். வெள்ளைக்காரரைப் பார்க்கத் தெக்கூரே திரண்டு வந்திருந்தது, அவரும் வந்திருக்கிறார். தேர்தலுக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"வடக்கூருலதான கோயிலு இருக்கு? அப்ப எதுண்ணே முந்தி?" என்று இவர் எகிறினார். 'அண்ணே' என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கோயிலு இருந்தா? கெணறு எங்கிட்டு இருக்கு? தண்ணியில்லாமக் கோயிலக் கட்டிட்டு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டா கெடந்தாங்க?"

இருவரும் ஒரு முழு மூச்சுக்குச் சண்டை போட்டார்கள். தெக்கூர்க் கூட்டத்தோடு வந்திருந்த அக்கா என் பக்கம் குனிந்து, "பேசிட்டாங்கடி" என்றாள் மெதுவாக. கிழவர் ஆவலாக என்ன நடக்கிறதென்று கேட்டார். அந்தப் பெண் ஒரே வரியில் சொல்லி முடித்தாள். அவர் பலமாகத் தலையாட்டினார். அவர் ஊரிலும் சரித்திரம் எழுதப் போய் இப்படித்தான் ஆனதாம். எந்த ஊர் மூத்தது என்று வருடக்கணக்கில் சண்டை. கடைசியில் படித்தவர் ஒருவர் பழைய காகிதங்களைத் துழாவிப் பார்த்தால், அந்த ஊர்களின் பெயர் முதன்முதலாக எழுத்தில் வந்ததே ஒரு பன்றித் திருட்டு வழக்கில்தானாம். ஓர் ஊர்க்காரன் திருடியிருக்கிறான், இன்னோர் ஊர்க்காரன் பறிகொடுத்திருக்கிறான். அதோடு எல்லோரும் சரித்திரத்தை விட்டுவிட்டார்களாம்.

கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் வெளியே காலிக் குடங்களின் சத்தம் கேட்டது. வடக்கூர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். மோட்டார் காலையிலேயே எரிந்துபோயிருக்கிறது. விருந்தாளி வரும் நாளில் சொல்லக்கூடாதென்று என் கணவர் டேங்க் ஆபரேட்டரின் வாயை அடைத்து வைத்திருந்திருக்கிறார்.

"மதினி, வெள்ளக்காரருக்கு மால போட்டா எங்க கொடம் நெறஞ்சிருமா?" என்று ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள். சுழல் நாற்காலியில் இருந்தவரை அவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஜெர்மன்காரரும் மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். மதுரைக்கு அனுப்பி மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டவேண்டும், அதற்கு முதலில் அதைப் போர்வெல்லுக்குள்ளிருந்து மேலே தூக்கவேண்டும். மோட்டாரோடு சேர்ந்த கருப்பு ஓஸ் குழாயில் கயிற்றைக் கட்டி ஆட்கள் வரிசையாக நின்று இழுத்தார்கள். கிழவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அண்ணனும் தம்பியும் அங்கேயும் எப்படி இழுப்பதென்று சண்டை போட்டுக்கொண்டே இழுத்தார்கள். மோட்டார் மேலே வந்தபோது சேறு தெறித்து விருந்தாளியின் டவுசர் கறுப்பாகிவிட்டது. அதற்குள் தெக்கூர்க் குழாயிலிருந்து வடக்கூருக்கு அன்றைக்குத் தண்ணீர் விடச் சொல்லி அக்காவிடம் பேசி முடித்திருந்தேன். தெக்கூர்க்காரர்கள் முனகினார்கள். அக்கா அவர்களை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

வேப்பமரத்தடியில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது, நான் அந்தப் பெண்ணிடம் மெல்லக் கேட்கச் சொன்னேன். மூன்று ஊரைச் சேர்த்தார்களே, அது நல்லதாகப் போனதா, கெட்டதாகப் போனதா?

அவர் கையை உதறிவிட்டு வேப்பமர வேரில் உட்கார்ந்தார். பிறகு நிதானமாகப் பேசினார்.

"ரோடு நல்லாயிருச்சாம்க்கா. பள்ளிக்கூடம் மூடிட்டாங்களாம். முன்னாடி தெருவெளக்கு எரியலன்னா பிரசிடெண்ட் வீட்டுக் கதவத் தட்டுவாங்களாம். அவர் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் எந்திரிச்சு வரணும். இப்ப அது மேல பெரிய ஆபீஸ் ஒண்ணுக்குப் போயிருச்சு. அங்க போன்தான் எடுக்குதாம், ஆள் வரமாட்டேங்குதாம். நல்லதா கெட்டதான்னு இவரால சொல்ல முடியலையாம். ஆனா சேக்குறதுக்கு முன்னாடி எங்ககிட்ட யாராவது கேட்டிருக்கலாம்னு இன்னமும் கோவம் இருக்காம்."

அந்தக் கடைசிப் பேச்சு எனக்குள் உட்கார்ந்துகொண்டது. அதுவரை என்னிடம் எல்லோரும் இணைப்பு வேண்டுமா வேண்டாமா என்றே பேசியிருந்தார்கள். ஊரைக் கேட்டாயா என்று யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்து வந்தது காந்தி ஜெயந்தி கிராம சபை. இணைப்பை வரவேற்று ஒரு தீர்மானத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார் என் கணவர். பந்தலில் மைக்கைப் பிடித்து அவர் கனைக்கத் தொடங்கியபோது நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன்.

"என்னத்தா?"

"மைக்கு."

"எதுக்கு?"

"நாந்தான் பேசணும். சட்டம் அப்படி."

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. அவர் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். முன்வரிசையில் குடத்தோடு வந்த அதே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கைக் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பேச்சு எழுதிக்கொடுக்க ஆளில்லை. அதனால் இரண்டு பக்கத்து நியாயத்தையும் தெரிந்த மட்டும் சொன்னேன். ரோடு வரும், வரியும் வரும். விளக்கு வரும், நூறு நாள் வேலை போகும். என் வீட்டுக்காரர் பிளாட் போட்டிருக்கிறார் என்பதையும் சொன்னேன். பந்தல் அதிர்ந்தது. அவர் முகம் சுண்டைக்காயாகச் சுருங்கிப்போனது. இனி நீங்கள் சொல்லுங்கள் என்று உட்கார்ந்தேன்.

சொன்னார்கள். பொழுது உச்சிக்கு ஏறும்வரை சொன்னார்கள். பிளாட் வாங்கியிருந்த இரண்டொருவர் இணைப்புக்காகப் பேசினார்கள்; அவர்களையும் முழுக்கப் பேசவிட்டேன். கடைசியில் கை தூக்கச் சொன்னபோது வடக்கூரும் தெக்கூரும் ஒன்றாகக் கை தூக்கி இணைப்பு வேண்டாமென்றன. அண்ணன்காரர் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றைக் கீழே போடச் சொன்னேன்.

வீட்டில் நாலைந்து நாள் என் கணவர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வழக்கம்போல இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, "பிளாட்டச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். "சொல்லிட்டதுனால இனிமே யாரும் முதுகுக்குப் பின்னாடி பேச மாட்டாங்க" என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்றாலும் குழம்பு பிடித்திருந்தது. சண்டை அதோடு முடிந்தது.

தீர்மானத்தை அனுப்பினோம். இணைப்பு இன்னும் வரவில்லை. வராது என்றும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குள் எங்கள் பதவிக்காலம் முடிந்து, தேர்தலும் நடக்காமல், இப்போது தனி அலுவலர் ஆட்சி. அவர் ஒருத்தரே பல ஊராட்சிகளைப் பார்க்கிறார், பாவம். எங்கள் ஊரை வேறோர் ஊரென்று நினைத்துக்கொண்டு ஒருமுறை நெடுநேரம் பேசினார்.

போன மாதம் தெக்கூருக்குப் புதுக் குழாய் கேட்டு நானும் அக்காவும் இன்னும் சில பெண்களும் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் இருந்தவர், "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். முன்னாள் தலைவர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, "தண்ணி இல்லாத ஊர்க்காரங்க" என்று சொல்லிவிட்டாள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தோம். கொண்டுபோன புளிச்சோற்றை அங்கேயே வராண்டாவில் பிரித்துச் சாப்பிட்டோம். அந்த வாசனைக்கோ என்னவோ, உள்ளேயிருந்து அதிகாரியே வெளியே வந்து என்ன விஷயம் என்று கேட்டார். குழாய் போடுவதற்கான உத்தரவோடு வெளியே வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. பருத்தி மூட்டை ஏற்றிவந்த ஒரு லோடு ஆட்டோ காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதில் ஏறி, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஊருக்கு வந்து சேர்ந்தோம்.